19 டிகிரியில் ஒரு மாதம்

"குளிர்ல தூங்கினா கொழுப்பு கரையுமாமே?" என்று தம்பி கேட்டான். ஏசியை 18-ல் வைத்துவிட்டுப் போர்வைக்குள் சுருண்டுகொள்ளும் ஆள் நான். படுத்தே இளைக்கலாம் போலிருக்கே என்று ஆசையாகத் தேடினேன். கிடைத்த பதில் கொஞ்சம் வேற மாதிரி.

நம் உடம்பில் வெள்ளைக் கொழுப்பு ஒரு கிடங்கு, சேமித்து வைக்கும். பழுப்புக் கொழுப்பு ஒரு அடுப்பு. அதன் செல்களில் மைட்டோகாண்ட்ரியா மண்டிக் கிடக்கும். அங்குள்ள யுசிபி1 என்ற புரதம், எரியும் சக்தியைச் சேமிக்க விடாமல் நேரே வெப்பமாக்கிவிடும். பச்சைக் குழந்தைகள் குளிரைச் சமாளிப்பது இதை வைத்துத்தான்.

பெரியவர்களிடம் இது பேருக்குத்தான் இருக்கும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 2009-ல் வந்த ஆய்வுகள் அதை மாற்றின. நெதர்லாந்தில் 24 ஆண்களை 16 டிகிரியில் உட்காரவைத்து பெட் ஸ்கேன் எடுத்தார்கள். 23 பேருக்கு அடுப்பு எரிந்தது. பருமனானவர்களுக்கு மட்டும் மங்கலாக.

சரி, அன்றாடக் குளிர் போதுமா? 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இதைத்தான் பார்த்தது. ஐந்து ஆண்கள். பகலில் வழக்கமான வேலை. இரவில் மட்டும் ஆய்வு மையத்தின் அறையில் தூக்கம். முதல் மாதம் 24 டிகிரி, அடுத்து 19, மறுபடி 24, கடைசியாக 27. சாப்பாடும் அவர்களே கொடுத்தார்கள். 19 டிகிரி மாதம் முடிந்தபோது பழுப்புக் கொழுப்பின் அளவு சுமார் 42 சதவீதம் கூடியிருந்தது. இன்சுலினும் முன்னைவிட நன்றாக வேலை செய்தது. சூடான மாதங்களில் சேர்ந்ததெல்லாம் போயே போச்சு.

இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒன்று, அவர்கள் எடை குறையவில்லை. இரண்டு, அவர்களுக்குக் கொடுத்தது மெல்லிய விரிப்பு மட்டுமே. அடுப்பைப் பற்றவைப்பது ரிமோட்டில் தெரியும் எண் இல்லை, தோல் உணரும் குளிர். என் போர்வைக்குள் எந்த 18-ம் வந்ததில்லை!

நமக்கு இன்னொரு சேதியும் உண்டு. நெதர்லாந்தில் வாழும் தெற்காசிய இளைஞர்களுக்கு, அங்குள்ள வெள்ளையரைவிடப் பழுப்புக் கொழுப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று அதே 2014-ல் இன்னொரு ஆய்வு சொன்னது. ஒல்லியாக இருந்தும் நமக்குச் சீக்கிரமே சர்க்கரை வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். அப்பாவுக்கு நாற்பதிலேயே சர்க்கரை வந்த வீடு என்பதால், இந்த வரியைச் சும்மா கடக்க முடியவில்லை.

ஆனாலும் ஐந்து பேரை வைத்து வைத்தியம் எழுத முடியாது. தம்பியிடம் சொன்னேன்: "மாத்திரையை நிறுத்தாதே, நடையை நிறுத்தாதே. வேணும்னா போர்வையை மட்டும் கொஞ்சம் விலக்கிப் பாரு."