பெரியப்பாவுக்கு ஒரு கேமரா

என் பெரியப்பாவுக்கு 76 வயது. செங்கல்பட்டு பக்கம் ஏரிப்பாசன கிராமம். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் நிலம் உண்டு. 1991-லிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கரைக்குப் போய், மதகுக்கு அந்தப் பக்கம் தண்ணீருக்குள் நிற்கும் அளவுகல்லைப் பார்த்து, எத்தனை அடி என்று நோட்டில் எழுதுவார். யாரும் கேட்கவில்லை, சம்பளமும் கிடையாது. அந்த நோட்டுகளை நான் எக்செல்லில் ஏற்றி வைத்திருக்கிறேன். 2015 நவம்பர், டிசம்பர் எப்படி இருந்தது, 2016-ல் மழை எப்படி ஏமாற்றியது, எல்லாம் அதில் தெரியும்.

போன வருஷம் ஊருக்குப் போனபோது நோட்டில் ஐந்தாறு வாரம் காலியாக இருந்தது. கேட்டேன். "கல்லுல நம்பர் தெரியலடா. கிட்டப் போய்ப் பாக்கலாம்னு மதகுப் படியில இறங்கினேன், வழுக்கிடுச்சு" என்றார். கண்புரை ஒரு பக்கம், கை நடுக்கம் ஒரு பக்கம். பெரியம்மா படியில் இறங்கக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். 30 வருஷத்துக்கு மேல் ஓடிய ஒரு தொடர் அத்தோடு நின்றுவிடும் போலிருந்தது. யோசனை அவருடையதுதான்: "ஒரு போட்டோ எடுத்துட்டா வீட்ல வந்து பெருசா வெச்சுப் பாத்துக்கலாம்ல?"

நாம் எல்லோரும் செய்வதைத்தான் முதலில் செய்தேன். என் பழைய ஃபோனைக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் அது பீரோவுக்குள் போய்விட்டது.

ஏன் என்று உட்கார்ந்து பார்த்தேன். தொடுதிரை வேலை செய்வது விரலின் மின் கடத்தலை நம்பி. வயதானவர்களுக்கு, அதிலும் மண்வேலை செய்தவர்களுக்கு, விரல் நுனித் தோல் காய்ந்து தடித்திருக்கும். ஒரு தடவை தொட்டால் திரைக்குத் தெரியாது. அழுத்தித் தொட்டால், நடுக்கத்தில் இரண்டு தடவை தொட்டதாக ஆகிவிடும், இல்லையென்றால் இழுத்ததாக ஆகிவிடும். படம் எடுக்கப் போனவர் வீடியோவில் இருப்பார், இல்லை செல்ஃபியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த மனுஷனுக்கு அது அவமானமாக இருந்திருக்கிறது. சொல்லவில்லை, பீரோவில் வைத்துவிட்டார்.

இரண்டாவது பிரச்சனை கணக்கு. கரையிலிருந்து கல்லுக்கு ஏறக்குறைய 40 மீட்டர். சாதாரண ஃபோனின் முதன்மை லென்ஸ், பழைய 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் 26 மி.மீ. அளவுக்கு அகலமானது. 40 மீட்டர் தூரத்தில் அது சுமார் 55 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். 12 மெகாபிக்சல் படத்தில் அகலவாக்கில் 4000 பிக்சல். அப்படியானால் ஒரு பிக்சலுக்கு 14 மில்லிமீட்டர். கல்லில் எழுதியிருக்கும் எண்ணின் உயரம் 10 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஏழு பிக்சல்தான் கிடைக்கும். 3-ஆ 8-ஆ என்று சண்டை போடலாம். ஃபோனில் விரலால் விரித்துப் பெரிதாக்கினால் அதே ஏழு பிக்சல்தான் பெரிதாகும், புதிதாக எதுவும் வராது. டெலிஃபோட்டோ லென்ஸ் உள்ள ஃபோன்கள் இருக்கின்றன. விலை அதிகம், தொடுதிரைத் தொல்லையும் அப்படியே இருக்கும்.

ஆக, பட்டன் வேண்டும், ஆப்டிகல் ஜூம் வேண்டும். அதாவது இருபது வருஷத்துக்கு முன் எல்லா வீட்டிலும் இருந்த சின்ன டிஜிட்டல் கேமரா. ஆனால் அந்த இனமே அருகிப்போய்விட்டது. 2010-ல் உலகம் முழுக்கப் பத்துக் கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட ரகம், 2023-ல் இருபது லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. புதிதாக வாங்கப் போனால் தேர்வு குறைவு, பழையது வாங்கப் போனால் சோதித்து வாங்கவேண்டும்.

விவரப் பட்டியலில் பெரிதாகப் போட்டிருப்பது மெகாபிக்சல். வயதானவர்களுக்கு வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது அது இல்லை, நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி. இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. ஆப்டிகல் என்றால் உள்ளே ஒரு கைரோ சென்சார் அசைவை உணர்ந்து, லென்ஸின் ஒரு துண்டையோ சென்சாரையோ எதிர்ப்பக்கம் நகர்த்தும். டிஜிட்டல் அல்லது எலெக்ட்ரானிக் என்று போட்டிருந்தால், பெரும்பாலும் ஐஎஸ்ஓவைக் கூட்டி ஷட்டரை வேகமாக்குவது, இல்லை படத்தைக் கொஞ்சம் வெட்டிச் சரிசெய்வது. பெயர் இரண்டுக்கும் ஒரே மாதிரி இருக்கும். சோனியின் டபிள்யூ810, டபிள்யூ830 இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி. 830-ல் இருப்பது ஆப்டிகல், 810-ல் கிடையாது. கேனான் ஐக்ஸஸ் 185, 190 கதையும் இதேதான்: 190-ல் ஆப்டிகல், 185-ல் டிஜிட்டல். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பார். ஒன்று இல்லை.

காகிதத்தில் பார்த்தால் நான் டபிள்யூ830-ஐத்தான் எடுத்திருக்கணும். 8 மடங்கு ஜூம், 20 மெகாபிக்சல், 120 கிராம் சொச்சம் எடை. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிக் கரைக்குக் கொண்டுபோனோம். பெரியப்பா அதை இரண்டு கையையும் நீட்டிப் பிடித்தார். நீட்டிய கையில் நடுக்கம் இரட்டிப்பாகிறது. காலை வெயில் பின்திரையில் விழுந்ததும் ஒன்றும் தெரியவில்லை. சோப்புக்கட்டி மாதிரி வழுவழுப்பான உடம்பு, இரண்டு தடவை நழுவப் பார்த்தது. லேசாக இருப்பது வசதி என்று நினைத்திருந்தேன். நடுங்கும் கைக்குக் கொஞ்சம் கனம் இருந்தால்தான் நல்லது போலிருக்கிறது.

"அந்தக் காலத்து க்ளிக் த்ரீல கண்ணை வெச்சுப் பாப்போமே, அந்த மாதிரி இல்லையா?" என்று கேட்டார். அக்ஃபா க்ளிக் 3, பரோடாவில் தயாரானது, ஒரு ரோலுக்கு 12 படம். சித்தி கல்யாணத்துக்கு அதில் படம் எடுத்தவர் இவர். அவர் கேட்டது சாதாரண விஷயம் இல்லை. கண்ணோடு ஒட்டிப் பிடித்தால் முழங்கை விலாவில் வந்து சேரும், கேமரா நெற்றியில் முட்டுக்கொடுக்கும், கை தனியாக ஆடமுடியாது. வெயிலும் தொந்தரவு இல்லை.

கண்வைத்துப் பார்க்கும் துளை, ஆப்டிகல் நடுக்கத் தடுப்பு, பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பென்சில் பேட்டரி, இந்த மூன்றும் சேர்ந்த சின்னக் கேமரா என்று தேடினால் 2007, 2008-க்குப் போகவேண்டியிருக்கிறது. கேனான் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ், ஏ590 ஐஎஸ். 2013-ல் வந்த ஏ1400-லும் துளை இருக்கிறது, பென்சில் பேட்டரிதான், ஆனால் ஆப்டிகல் தடுப்பு இல்லை. ரிச்சி தெருவில் இரண்டு சனிக்கிழமை அலைந்து ஒரு ஏ590 வாங்கினேன், மூவாயிரத்துக்குள். அங்கே பார்த்தவை: லென்ஸ் சத்தமில்லாமல் வெளியே வந்து உள்ளே போகிறதா, டார்ச் அடித்தால் உள்ளே பூஞ்சை வலை தெரிகிறதா, பேட்டரி மூடியின் கொக்கி உடைந்திருக்கிறதா. முதலில் காட்டிய இரண்டில் கொக்கி உடைந்து ரப்பர் பேண்டில் நின்றது.

8 மெகாபிக்சல், 4 மடங்கு ஜூம், 140 மி.மீ. வரை போகும். இதில் போஸ்ட்கார்டு என்று ஒரு அளவு உண்டு: 1600-க்கு 1200, வெறும் இரண்டு மெகாபிக்சல். அதில் எடுத்தால்தான் படத்தின் மேலேயே தேதி பதியும். பெரியப்பாவுக்குத் தேதி முக்கியம், ஏனென்றால் டவுனில் பிரிண்ட் போட்டு நோட்டில் ஒட்டப்போகிறார். இரண்டு மெகாபிக்சல் போதுமா? மறுபடி கணக்கு: 140 மி.மீ.யில் 40 மீட்டருக்கு அகலம் சுமார் 10 மீட்டர். 1600 பிக்சலில் வகுத்தால் ஒன்றுக்கு ஆறரை மில்லிமீட்டர். 10 சென்டிமீட்டர் எண்ணுக்குப் பதினைந்து பிக்சல், ஃபோனைவிட இரண்டு மடங்கு.

டயலை 'பி'யில் வைத்து செல்லோ டேப் ஒட்டிவிட்டேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஃபிளாஷை அணைத்தேன், 40 மீட்டருக்கு அது எட்டாது. டிஜிட்டல் ஜூமையும் அணைத்தேன். சொல்லிக்கொடுக்கக் கஷ்டப்பட்டது பட்டனைப் பாதி அமுக்கி நிறுத்துவது மட்டும்தான். பீப் சத்தம் வந்ததும் மூச்சைப் பிடித்து மீதியை அமுக்குங்க என்றேன், அது அவருக்குப் பிடிபட்டுவிட்டது. இப்போது மதகு மேடையின் சுவரில் கேமராவை ஊன்றி எடுக்கிறார். அது அவரே கண்டுபிடித்தது.

முதல் மாதமே ஒரு தகராறு. கேமரா திறந்ததும் லென்ஸ் பாதியில் நின்று மூடிக்கொள்கிறது என்று ஃபோன். சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் மலிவான பேட்டரியை எடுத்துப் போட்டிருக்கிறார். கடிகாரத்துக்கு வேண்டிய மின்னோட்டம் சொட்டு நீர், கேமரா லென்ஸ் மோட்டாருக்கு வேண்டியது வாய்க்கால். துத்தநாக கார்பன் பேட்டரி அதற்குத் தாங்காது. ஆல்கலைன் போடலாம், ஆனால் நல்லது ரீசார்ஜ் செய்யும் நிக்கல் ரகம், அதிலும் சும்மா வைத்தால் இறங்காத வகை. 2005-ல் சான்யோ கொண்டுவந்த எனெலூப் அந்த வகை. நான்கு வாங்கிக் கொடுத்தேன், இரண்டு உள்ளே, இரண்டு சார்ஜரில். பேட்டரி மாற்றும்போது தேதி அழியாமலிருக்க உள்ளே தனியாக ஒரு காசு பேட்டரி இருக்கிறது. அதையும் புதிதாக மாற்றினேன். நோட்டில் ஒட்டப்போகும் படத்தில் தேதி தப்பாக விழுந்தால் படம் இல்லாததைவிட மோசம்.

கார்டு பெரிய எஸ்டி கார்டு, 4 ஜிபி, அதுவே பல வருஷத்துக்கு வரும். கேனான் 2025-ல் ஐக்ஸஸ் 285-ஐத் திரும்பக் கொண்டுவந்தபோது எஸ்டியை எடுத்துவிட்டு மைக்ரோ எஸ்டி வைத்துவிட்டது. சுண்டுவிரல் நகம் அளவு கார்டை நடுங்கும் கையில் பிடித்து வரப்பில் தொலைப்பதற்கா?

தீபாவளிக்குப் பிறகு போனேன். நோட்டில் படங்கள் ஒட்டியிருந்தன, பக்கத்தில் சிவப்பு மையில் அடிக்கணக்கு. கல்லில் எண் தெளிவாகத் தெரிகிறது. ஒரு படத்தைத் தட்டிக் காட்டினார். கலங்கல் வழிந்து ஓடுகிறது, மூலையில் ஆரஞ்சு நிறத்தில் 03/11.

"என்னடா தேதி இது? பின்னாடி வர்றவன் நவம்பர் மூணுன்னு படிப்பானா, மார்ச் பதினொண்ணுன்னு படிப்பானா?"

நாள் முன்னே, மாதம் பின்னே என்று வைத்தது நான்தான். மாதத்தை எழுத்தில் காட்ட அந்தக் கேமராவில் வழி கிடைக்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாலே தெரியுமே பெரியப்பா, மார்ச்சில் எந்த ஏரி கலங்கல் போகும் என்றேன்.

"வறண்ட வருஷத்துல நவம்பரும் மார்ச் மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, படத்துக்குக் கீழே பேனாவால் ஐப்பசி என்று எழுதினார்.