அம்மாவின் தையல் மெஷினுக்கு ஒரு கூரை

நமது சங்கத்து அன்பர்கள் வைப்பினில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தால், பின்பக்கம் பார்த்துவிட்டு, "அது என்ன, சின்னக் கோயிலா?" என்று கேட்பார்கள். கோயில் அல்ல. எட்டடிக்குப் பத்தடியில் ஓடு வேய்ந்த ஒரு கொட்டகை. அதற்குள் அம்மாவின் தையல் மெஷின் இருக்கிறது. திருநெல்வேலியில் அப்பா இறந்த பிறகு எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்த மெஷின் அது. ஊரை விட்டு என்னிடம் வந்தபோது அம்மா போட்ட ஒரே நிபந்தனை, மெஷினும் வர வேண்டும் என்பதுதான். வீட்டுக்குள் இடமில்லை. தோட்டத்தில் சுவர் எழுப்பினேன். கூரைதான் பிரச்சினையாயிற்று.

முதலில் நான் செய்தது தகரம். மலிவு, ஒரே நாளில் வேலை முடிந்தது. பக்கத்து வீட்டு ஆசாரி பார்த்துவிட்டு, "சாரே, இது தமிழ்நாடல்லல்லோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை என்றால், கொச்சியில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஜூன் பிறந்ததும் புரிந்தது. "எய்யா, மழை நம்ம தலையிலயே இடிக்குது" என்று அம்மா காதைப் பொத்திக்கொண்டார். இரண்டாவது மழைக்காலத்தில் கடல் உப்புக் காற்று ஆணித் துளைகளைத் தின்றுவிட்டது. ஒருநாள் காலையில் மெஷின் சக்கரத்தில் துரு. அம்மா என்னைத் திட்டவில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஆஸ்பெஸ்டாஸ் போடச் சொன்னார் ஒரு நண்பர். அதன் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஆஸ்திரேலியா 2003 முடிவோடு அதை முழுவதுமாக நிறுத்திவிட்டது. தென்னங்கீற்று குளிர்ச்சிதான், ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும். கான்கிரீட் தளம் போட்டால் உப்புக் காற்று உள்ளே இருக்கும் கம்பியைப் பதம் பார்க்கும். கடைசியில் ஆசாரியிடமே போய் நின்றேன். "ஓடு" என்றார், ஒரே வார்த்தையில்.

சீமை ஓடு என்று ஊரில் சொல்வோமே, அந்த மங்களூர் ஓடுதான். 1860களில் பாசல் மிஷன் பாதிரிமார் மங்களூரில் தொழிற்சாலை வைத்துச் செய்யத் தொடங்கியது. பிறகு கோழிக்கோடு, ஃபரோக் பக்கமெல்லாம் சூளைகள் வந்தன. மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளின் கூரைகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு பழைய கட்டடத்தைப் பிரித்த இடத்தில் எனக்கு ஓடு கிடைத்தது. சிறு லாரியில் ஏற்றி, ஃபோர்ட் கொச்சியிலிருந்து ரோ-ரோ படகில் இக்கரைக்குக் கொண்டுவந்தேன். 2018இல் அந்தப் படகு வந்ததற்கு அன்று நான் சொன்ன நன்றி கொஞ்சமல்ல.

இங்கேதான் ஒரு பாடம். 250 ஓடு வாங்கினேன். கிட்டத்தட்டப் பாதி வேறு தொழிற்சாலைச் சரக்கு. பார்வைக்கு ஒன்றுதான், ஆனால் ஓரத்துப் பள்ளமும் மேடும் ஒன்றோடொன்று கவ்வவில்லை. கவ்வாவிட்டால் சாய்மழை உள்ளே வந்துவிடும். பழைய ஓடு வாங்குகிறவர்கள் பின்பக்க முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். இரண்டை அங்கேயே பொருத்திப் பாருங்கள். நான் மறுபடி மட்டாஞ்சேரிக்குப் போய் மாற்றிவந்தேன். ஒருநாள் சம்பளம் போயிற்று.

சாய்வு விஷயத்தில் ஆசாரி விட்டுக்கொடுக்கவே இல்லை. சுவரிலிருந்து நடு முகடு வரை நான்கடி அகலம். அதற்கு இரண்டரை அடி ஏற்றம். இதைவிடப் படுத்தால் காற்று தண்ணீரை மேல்நோக்கித் தள்ளும் என்றார். இங்கே ஆஞ்ஞிலி என்று சொல்லும் அயினி மரத்தில் கைமரம். அதன்மேல் ரீப்பர் அடிக்க அவர் டேப்பை எடுக்கவில்லை. இரண்டு ஓட்டை மாட்டிப் பார்த்து அந்த இடைவெளியிலேயே குறித்தார். ஓடு மட்டும் அரை டன்னுக்கு மேல் இருக்கும், ஆகவே மரத்தில் சிக்கனம் கூடாது. ஆணி எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. மழைக்காற்று தென்மேற்கிலிருந்து வருவதால் வாசல் கிழக்கே. மேற்கு இறவாரம் ஒன்றரை அடி வெளியே நீளும். இறவாரத்து முதல் வரிசையைக் காற்று தூக்காமல் கம்பியால் கட்டினோம். முகட்டு ஓட்டைச் சாந்து வைத்துப் பதித்தார். மேலே ஏற எனக்கு அனுமதி இல்லை. "சாரின் காலுக்கு ஓடு தாங்காது" என்றார்.

நான்கு நாளில் வேலை முடிந்தது. செலவு தகரத்தைப்போல் மூன்று மடங்கு ஆயிற்று.

மே மாதக் கடைசியில் ராத்திரி முழுக்கப் பெய்தது. விடிந்ததும் ஓடினேன். அம்மா எனக்கு முன்பே உள்ளே உட்கார்ந்து என் மகளின் பாவாடைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தார். மழையை மீறி மெஷின் சத்தம் கேட்டது. மூலையில் ஒரு தம்ளர் வைத்திருந்தார். அதில் இரண்டு விரல் தண்ணீர்.

"மேலேருந்து மூணாவது வரிசை, ஜன்னலுக்கு நேரா உள்ள ஓடு" என்றார், தலையைத் தூக்காமலே. "ஆசாரிகிட்டச் சொல்லிட்டேன். காப்பி குடிச்சிட்டு வர்றாராம்."