புதுமுகத்துக்கு கேப்டன் பதவியா?

ஐபிஎல் வந்தாலே பாளையங்கோட்டை ஹாஸ்டல்ல ஃபேன்டஸி டீம் போடுறதுதான் வேலை. தோத்தவன் இருட்டுக்கடை அல்வா வாங்கணும். ஏலத்துல கோடிக்குப் போன புதுப் பையனை உடனே கேப்டனாக்கிடுறோம். கொஞ்சம் பொறுங்க மக்கா!

டிஎன்பிஎல்லில் மதுரைக்காகக் கலக்கிய வருண் சக்கரவர்த்தியின் அடிப்படை விலை 20 லட்சம். 2019 சீசனுக்கு பஞ்சாப் அவரை 8.4 கோடிக்கு எடுத்தது. முதல் ஓவரிலேயே 25 ரன் போச்சு. பிறகு காயம், அந்த சீசனில் ஆடியது ஒரே ஆட்டம். அடுத்து கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. 2020-ல் 17 விக்கெட்!

ஏல விலை வெறும் எதிர்பார்ப்புதான். அதுக்கு பாயின்ட் கிடையாது. புதுமுகம் பிளேயிங் லெவனில் இருப்பாரா என்பதே சந்தேகம். கேப்டனுக்கு பாயின்ட் இரட்டிப்பு, சரி. பூஜ்ஜியத்தை இரட்டிப்பாக்கினா? புதுமுகத்தை டீம்ல வைங்க. கேப்டன் பதவியை தினமும் ஆடுறவருக்குக் கொடுங்க.