பேரரசின் ஏரி, குடியரசின் எல்லை

பழவேற்காடு ஏரியின் தென்கரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது; வடகரை திருப்பதி மாவட்டத்தில். சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உப்பங்கழி இதுதான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்துக்குச் சொந்தம். தெற்கு முகத்துவாரமும் அதையொட்டிய சிறு பரப்பும் தமிழ்நாட்டுக்கு. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளரும். வளர்ந்ததும் கடலுக்குத் திரும்பும். குஞ்சு நுழைகிற வாசல் ஒரு மாநிலத்தில், வளர்கிற நீரில் பெரும்பங்கு இன்னொரு மாநிலத்தில். ஏரிக்கு நடுவே இந்த மாநில எல்லைக்கோடு எப்படி வந்தது, அதன் இருபுறமும் சிறுபான்மையாகிப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்பது ஒரு நாடு தன்னைக் கட்டிக்கொண்ட கதையின் சிறு அத்தியாயம்.

அன்று: கோட்டையும் கைக்குட்டையும்

1610இல் விஜயநகர அரசர் வேங்கடபதியிடம் அனுமதி பெற்று டச்சுக்காரர்கள் ஏரிக்கரையிலுள்ள பழவேற்காடு ஊரில் பண்டகசாலை வைத்தார்கள். சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் 1612இல் அதை அழித்தார்கள். மறு ஆண்டே டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் டச்சு வணிகத்துக்கு இதுவே தலைநகர். உள்நாட்டில் நெய்த துணி இங்கே கப்பலேறிக் கீழை நாடுகளுக்குப் போனது. கட்டம்போட்ட கைக்குட்டைக்கு இந்த ஊரின் பெயரே உலகச் சந்தையில் முத்திரையானது.

அந்த ஊரில் தெலுங்கு பேசிய செட்டி வணிகர்கள், தமிழ் பேசிய பட்டினவர் என்ற மீனவர்கள், அரபு நாட்டிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் முஸ்லிம் குடும்பங்கள், போர்த்துகீசியர் காலத்து மாதா கோயிலைச் சுற்றி வாழ்ந்த கத்தோலிக்கர், டச்சுச் சிப்பாய்கள் எல்லோரும் இருந்தார்கள். எந்த மொழிக்காரர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. பேரரசுக்குத் துணி வேண்டும், வரி வேண்டும். மற்றதை ஜமாத்தும் ஊர்ப் பஞ்சாயத்தும் பார்த்துக்கொண்டன. ஒட்டோமன் பேரரசும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. கிரேக்கத் திருச்சபை, ஆர்மீனியத் திருச்சபை, யூதர் என்று ஒவ்வொரு சமயத்தாரும் தங்கள் திருமணத்தையும் பள்ளியையும் தாங்களே நடத்திக்கொள்ள அங்கே ஏற்பாடு இருந்தது.

இதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. பஞ்ச காலத்தில் விற்கப்பட்ட மனிதர்களை இதே துறையிலிருந்துதான் டச்சுக்காரர்கள் அடிமைகளாக, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். 1825இல் ஊர் நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பத்தாண்டு கழித்து, சென்னையின் அடுப்புக்கு விறகு வேண்டும் என்று ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் காட்டையும் கும்பினி அரசு எடுத்துக்கொண்டது. அந்தக் காட்டில் வாழ்ந்த ஏனாதிப் பழங்குடியினர் தேனும் மூலிகையும் கிழங்கும் சேகரித்துக் கொடுத்துத் தானியம் பெற்றார்கள். பேரரசு எவரையும் மாறச் சொல்லவில்லை. அவரவரை அவரவர் இடத்திலேயே கட்டிப்போட்டது. மேலே இருந்தவர்களுக்கு அது சுதந்திரமாக இருந்தது, கீழே இருந்தவர்களுக்கு விலங்காக.

கோடு விழுந்த விதம்

பேரரசு கலைந்து குடியரசு வரும்போது 'இந்த நாடு யாருடையது' என்ற கேள்வியும் கூடவே வரும். ஒட்டோமன் பேரரசின் இடத்தில் எழுந்த துருக்கியில் அதற்கு விடை கொடூரமாக வந்தது. ஆர்மீனியர்கள் 1915இலிருந்தே அழிக்கப்பட்டிருந்தார்கள். 1923 ஜனவரியில் லோசானில் துருக்கியும் கிரேக்கமும் மக்களை மாற்றிக்கொள்ள உடன்பட்டன. ஏற்கெனவே தப்பி ஓடியவர்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 12 லட்சம் கிறிஸ்தவர்கள் துருக்கியிலிருந்து போனார்கள். சுமார் 4 லட்சம் முஸ்லிம்கள் வந்தார்கள். அளவுகோல் மதம் மட்டுமே. துருக்கிய மொழியைத் தவிர வேறு அறியாத கராமன்லிக் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். கிரேக்கம் பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கியில் வந்து இறங்கினார்கள். முஸ்லிம் அல்லாதவர்களை மட்டும் லோசான் உடன்படிக்கை சிறுபான்மையினர் என்று ஏற்றது. குர்துகளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

இந்தியா வேறு அளவுகோலை எடுத்தது. 1920ஆம் ஆண்டு நாகபுரி காங்கிரஸ், துருக்கியின் கலீஃபாவுக்காக எழுந்த கிலாபத்தோடு கைகோத்த ஒத்துழையாமையை உறுதிசெய்தது. அதே மாநாட்டில்தான் மொழிவழியே மாகாணக் காங்கிரஸ் குழுக்களை அமைப்பதென்றும் முடிவானது. கலீஃபா பதவியை 1924இல் துருக்கியே ஒழித்துவிட, கிலாபத் இயக்கம் ஓய்ந்தது. மொழிவழி மாகாணம் என்ற விதை மட்டும் மண்ணில் தங்கியது.

தெலுங்கருக்குத் தனி மாநிலம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் சென்னையில் உண்ணாவிரதமிருந்து உயிர்விட்டார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிறந்தது. வடக்கே தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு வைத்துக்கொள்ள ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்தது. எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த எச்.வி. படாஸ்கர் கிராமத்தை அலகாகக் கொண்டார். அந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுவோர் அதிகம், அது எந்த மாநிலத்தோடு நிலத்தொடர்ச்சி உள்ளது என்று பார்த்தார். 1960 ஏப்ரல் 1 அன்று புதிய எல்லை நடைமுறைக்கு வந்தது. திருத்தணி இங்கே வந்தது, பொன்னேரி வட்டத்தில் சில ஊர்கள் அங்கே போயின.

இதில் நியாயம் உண்டு. எவரையும் மூட்டை கட்டிக்கொண்டு போகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டுக்குள் தெலுங்கு வீடுகளும், ஆந்திரத்துக்குள் தமிழ் வீடுகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று 1956இல் அரசமைப்பில் 350ஏ பிரிவும் சேர்ந்தது. ஆனால் அந்தக் கணக்கு, மனிதன் எந்த வீட்டில் என்ன மொழி பேசுகிறான் என்பதை மட்டும் கேட்டது. எந்த நீரில் பிழைக்கிறான் என்று கேட்கவில்லை. நிலத்துக்குப் பொருந்திய அளவுகோல் ஏரிக்குப் பொருந்தவில்லை.

இன்று: படகின் பதிவு எண்

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்ப் பட்டினவர்களும் நெடுங்காலமாகப் பாடு முறைப்படி மீன்பிடிக்கிறார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இறால் இடங்களில் சுத்துவலை கட்டும் உரிமை தலைக்கட்டுகளுக்குச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் போகும். இன்று உங்களுக்கு வளமான இடம் கிடைத்தால் நாளை மற்றவருக்கு. அரசு வகுக்காத ஒழுங்கு இது. குறையும் உண்டு: பாடு பிறப்பால் வருவது. ஏரியை நம்பியிருக்கும் தலித் மக்களுக்கும் இருளருக்கும் முஸ்லிம்களுக்கும் அதில் பங்கில்லை. இறால் ஏற்றுமதி சூடுபிடித்த பிறகு மற்றவர்களும் அதே வலையை இறக்க, ஊர்ப் பஞ்சாயத்துக்குள் முடிந்த வழக்கு அதிகாரிகளின் மேசைக்குப் போனது.

அதற்கு மேல் மாநிலம் வந்தது. இயந்திரப் படகின் பதிவு எண்ணிலேயே மாநிலத்தின் குறி இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரை முழுவதற்கும் ஒன்றுதான், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நிவாரணத் தொகையை மட்டும் அந்தந்த மாநிலம் முடிவு செய்யும். ஏரியின் ஆந்திரப் பகுதி 1976இல் பறவைகள் சரணாலயமானது, தமிழ்நாட்டுப் பகுதி 1980இல். கோடு தாண்டி வலை போட்டதாக இருபக்க மீனவர்களும் மோதிக்கொள்வதும், படகைப் பிடித்து வைப்பதும், இரு மாநில அதிகாரிகளும் அமர்ந்து பேசுவதும் அவ்வப்போது நடக்கின்றன. பட்டினவர் தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். ஆந்திரத்தின் பட்டியலில் அந்த மரபினர் 'பட்டப்பு' ஆகிவிட்டார்கள்.

பழவேற்காட்டு முஸ்லிம்களின் கதை வேறு மாதிரி. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழை இந்த ஊர்ப் பெரியவர்கள் மார்க்க நூலுக்கும் வீட்டுக் கடிதத்துக்கும் பயன்படுத்தினார்கள். துருக்கியில் அரபு எழுத்தை 1928இல் ஒரே சட்டத்தால் அகற்றினார்கள். ஒரு தலைமுறைக்குத் தன் தாத்தாவின் கடிதம் படிக்க முடியாமல் போயிற்று. இங்கே எவரும் சட்டம் போடவில்லை. அச்சும் பள்ளிக்கூடமும் தமிழ் எழுத்தைக் கொண்டுவந்தன, வேலைவாய்ப்பு ஆங்கிலத்தைக் கொண்டுவந்தது. முதியவர்கள் சிலரிடம் மட்டும் அந்த எழுத்து மிச்சம். கட்டாயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேரன் தாத்தாவின் கையெழுத்தை இழந்தான். வித்தியாசம், இங்கே யார் வேண்டுமானாலும் அதை மறுபடி கற்பிக்கலாம், சிறைக்குப் போக வேண்டியதில்லை. அது சிறிய வித்தியாசமல்ல.

கடைசி இடத்தில் இருப்பவர்களுக்குக் கோடு அதிகமாக வலித்தது. இடுப்பளவு நீரில் நின்று கையால் துழாவி இறால் பிடித்துப் பறியில் போடும் பழங்குடியினர் இரு கரையிலும் உண்டு. தெற்கே இருளர், வடக்கே ஏனாதி. இரு பட்டியலிலும் பழங்குடி என்ற தகுதி இருக்கிறது. ஆனால் அந்தத் தகுதி மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும். குடிபெயர்ந்தால் கூட வராது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சொன்னது. வடகரையிலிருந்து தென்கரைக்கு வாழ வந்த ஏனாதிப் பெண்ணுக்கு ஏரி அதே ஏரிதான், தொழிலும் அதேதான். சான்றிதழ் மட்டும் செல்லாது.

தேசம் தன் பெருமையைக் கட்டிய இடமும் ஏனாதிகள் வாழ்ந்த அந்தத் தீவுதான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ரோகிணி ராக்கெட் 1971 அக்டோபரில் கிளம்பியது. அதற்காகத் தீவின் மீனவர்களும் காடு நம்பிய ஏனாதிகளும் இடம்பெயர்ந்தார்கள். ஏவுதல் நாளில் மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று இன்றும் அறிவிப்பு வரும். சூலூர்ப்பேட்டை செங்காளம்மன் கோயிலில் ஏவுதலுக்கு முன் விஞ்ஞானிகள் வேண்டிக்கொள்வது செய்தியாகும். அதே அம்மனைத் தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் கும்பிடுவது செய்தியாவதில்லை, அது வழக்கம்.

துருக்கியோடு வைத்துப் பார்த்தால் இந்தக் குடியரசு சிறுபான்மையினரை விரட்டாமலே எல்லை வகுத்தது, அந்தப் புகழ் அதற்கு உரியது. எண்ணுவதில்தான் தவறியது, வீட்டை எண்ணியது, பிழைப்பை எண்ணவில்லை. 1960இன் எல்லைக்கோட்டை அழிக்க வேண்டியதில்லை. இரு மாநிலமும் சேர்ந்து ஏரிக்கென ஓர் அவை அமைக்கலாம். வலை, பருவம், நிவாரணம் எல்லாவற்றையும் அங்கே ஒரே கணக்காக முடிவு செய்யலாம். பாடு உரிமை உள்ள மூன்று ஊர்களுக்கு அதில் இடம் இயல்பாகவே கிடைக்கும். பாடு முறையில் பங்கில்லாத இருளருக்கும் ஏனாதிக்கும் முதல் வரிசையில் இருக்கை போட்டால்தான், பேரரசு செய்யாத ஒன்றைக் குடியரசு செய்ததாக ஆகும்.