சொன்ன மைலேஜ் ஏன் கிடைப்பதில்லை?

2022இல் புதிய வடிவில் வந்த மாருதி பிரெஸ்ஸாவின் மேனுவல் பெட்ரோல் மாடலுக்கு லிட்டருக்கு 20.15 கி.மீ. வரை என்றது நிறுவனம். ஆனால் திருச்சுழியில் கிளம்பி, அருப்புக்கோட்டையில் மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையைப் பிடித்து விரட்டினால் அந்த எண் கிடைப்பது அரிது. ஏன்?

அது ஆய்வகத்தில் உருளைகள்மேல் ஓட்டி எடுத்த கணக்கு. அதில் உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ.தான்; ஏசியும் ஓடாது.

சாலையில் முதல் எதிரி காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். 80இலிருந்து 100க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. காற்றின் எதிர்ப்போ 56 சதவீதம் கூடுகிறது. பிரெஸ்ஸா போன்ற எஸ்யூவி உயரமானது, முகம் அகலமானது; அதனால் சிறிய காரைவிட அதிகக் காற்றைத் தள்ளியாக வேண்டும். மரங்கள் குறைந்த இந்தச் சாலையின் வெட்டவெளியில் எதிர்க்காற்றும் சேர்ந்தால் சுமை இன்னும் ஏறும்.

அடுத்தது வெயில். ஏசி கம்ப்ரஸரை இன்ஜின்தான் பெல்ட் மூலம் சுழற்றுகிறது. கொதித்த வண்டியைக் குளிர்விக்கும் முதல் சில நிமிடங்களில்தான் அதற்கு வேலை அதிகம்.

எப்படி மிச்சப்படுத்துவது? நிழலில் நிறுத்துங்கள். ஏசி போடுமுன் கண்ணாடிகளை இறக்கி வெப்பக்காற்றை வெளியேற்றுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள். பயன்படாத மேல் கேரியரைக் கழற்றுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நான்குவழிச் சாலையில் 80ஐத் தாண்டாதீர்கள்.