ஆறு இலக்கத் திறவுகோல்

மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாகத் தொழில் புரியும் தாயொருத்தி, இரவு வேலை ஓய்ந்தபின், மாத்தளைக்கு வடக்கே ஏ9 வீதியோரத்துப் பலாபத்வலவில் பாட்டியிடம் வளரும் தன் பிள்ளையோடு பேசுவதற்கு இன்று கடிதமும் தந்தியும் வேண்டியதில்லை. வட்ஸ்அப், வைபர், இமோ என்னும் செயலிகளே அக்குடும்பத்தின் தபாற்காரர்களாகிவிட்டன. ஆகவே, அவர்களில் எவரை எம்மட்டும் நம்பலாம் என்னும் விசாரணை பட்டணத்துக் கணினி நிபுணர்களுக்கு மாத்திரம் உரியதன்று.

வட்ஸ்அப், 2016 ஏப்ரல் முதல், அனுப்புகிறவரும் பெறுகிறவரும் அன்றி நடுவேயுள்ள நிறுவனமும் வாசிக்க இயலாதவாறு செய்திகளைப் பூட்டியே அனுப்புகிறது. அப்பூட்டின் சூத்திரம் சிக்னல் செயலியை ஆக்கியோருடையது. வைபரும் அதே ஆண்டில் இத்தகைய முறையைக் கைக்கொண்டது. டெலிகிராமைப் பற்றி நம்மவரிடையே உலவும் பிரமையொன்றை இங்கே களைந்தாக வேண்டும்: ‘ரகசிய உரையாடல்’ என்பதைத் தனியே தெரிந்தெடுத்தாலன்றி அதன் சாதாரண உரையாடல்களுக்கு இப்பூட்டு இல்லை, குழுக்களுக்கோ அவ்வசதியே கிடையாது.

உறையை ஒட்டிவிட்டாலும் மேலுள்ள விலாசம் மறையாததுபோல, யார் யாருடன் எப்போது தொடர்புகொண்டார் என்பது நிறுவனத்துக்குத் தெரியக்கூடும். இவ்விஷயத்தில் சிக்னலே மேல் என்பது என் துணிபு. 2016இல் அமெரிக்காவில் ஒரு கணக்கின் விவரங்களைக் கோரிச் சட்டபூர்வமான ஆணை வந்தபோது, கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள் ஆகிய இரண்டைத் தவிர வேறெதையும் சேமித்து வையாத அந்நிறுவனம் அவ்விரண்டையே கொடுத்தது.

ஆனால் நம் பாட்டிமாரின் கைத்தொலைபேசிக்கு நேரும் பேரபாயம் பூட்டின் பலவீனத்தால் வருவதன்று. பழகியவரின் பெயரிலேயே, ‘எனக்கு வரவேண்டிய ஆறு இலக்கக் குறியீடு தவறி உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்பிவிடுங்கள்’ என்றொரு செய்தி வருகிறது. உண்மையில் பாட்டியின் கணக்கையே திறக்கும் அக்குறியீட்டை உபகாரமாக நினைத்து அனுப்பிய கணத்திலே கணக்கு பறிபோகிறது. பின்னர் பாட்டியின் பெயராலேயே, கடல் கடந்து உழைக்கும் மகளிடம், ‘அவசரம், பணம் அனுப்பு’ என்று வஞ்சகன் எழுதுகிறான். அந்தத் தாயின் மாதச் சம்பளம் இப்படிப் போவதை எண்ணும்போது நெஞ்சு கொதிக்கிறது.

அக்குறியீட்டை எவருக்கும், பெற்ற மகனுக்கும், சொல்லலாகாது. வட்ஸ்அப் அமைப்புகளில் ‘இரு படிச் சரிபார்ப்பு’ என்பதை இயக்கி இரகசிய எண்ணொன்றை இன்றே இட்டுவிடுவதும், இணைக்கப்பட்ட சாதனங்களில் அறியாதது இருந்தால் அகற்றுவதும் அவசியம். கணக்கு பறிபோயின், தம் எண்ணைக் கொண்டே மீண்டும் பதிவு செய்தால் திருடன் வெளியேற்றப்படுவான். அவன் இரகசிய எண்ணை இட்டிருப்பின் ஏழு நாள் காத்திருக்க நேரும். அதற்கிடையில் உறவினர் யாவருக்கும் சாதாரண அழைப்பில் சேதி சொல்லிவிட வேண்டும்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருந்தும், 2025 மார்ச்சில் அமுலாகவிருந்த அதன் பிரதான பிரிவுகள் பிற்போடப்பட்டன. எனினும் இவ்வித மோசடிக்கு எதிராக 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமே கைகொடுக்கும். இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம், பொலிஸிலும் முறையிடலாம். சிங்களம் நிர்வாக மொழியாகவுள்ள பிரதேசத்திலும், எந்த அரச அதிகாரியுடனும் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அளிக்கிறது. ஆதலால் பாட்டி தன் முறைப்பாட்டைத் தமிழிலேயே சொல்லட்டும். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபின்பே கையொப்பமிடட்டும்.