இதயத்தின் ஒருநாட் பதிவு

மட்டக்களப்பு வாவியிலே மீன் பாடும் என்பது ஈழநாடெங்கும் வழங்கும் செய்தி. முழுமதி நாளிற் காற்றடங்கிய இரவுப்பொழுதிலே கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறு நுனியைக் காதோடு பொருத்திக் கேட்போர்க்கே அவ்வொலி புலனாகும் என்பர். நண்பகலிற் பாலத்தின்மேல் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, ‘மீன் பாடவில்லை’ என்று சொல்லிச் செல்பவரின் சான்றுக்கு என்ன பெறுமதி உண்டு? இடையிடையே தோன்றி மறையும் ஒழுங்கற்ற இதயத்துடிப்பை ஆராயப் புகுந்த வைத்தியர்களும் நெடுங்காலம் இந்நிலையிலேயே இருந்தனர்.

கொக்கட்டிச்சோலைப் பகுதி உழவர் ஒருவரைக் கருதுக. வட்டையிற் காவலிருக்கும் நள்ளிரவில் அவர் நெஞ்சு திடீரெனப் படபடக்கின்றது. துடிப்பு விரைகின்றது, தடைப்படுகின்றது, மீண்டும் விரைகின்றது. கண் இருள்கின்றது. கால்மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகின்றது. விடிந்தபின் அவர் வாவியைக் கடந்து நகரத்துக்கு வருகின்றார். மண்முனையில் 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை இப்பயணத்துக்குப் படகையும் எதிர்பார்த்திருத்தல் வேண்டும். வைத்தியசாலையில் அவர் முறை வந்து மின்வரைபு எடுக்கும்போது இதயம் நல்ல பிள்ளைபோல் ஒழுங்காகத் துடிக்கின்றது. ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லோடு அவர் திரும்புகின்றார். அவரும் பொய் கூறவில்லை. கருவியும் பொய் கூறவில்லை. வழக்கமான மின்வரைபு ஏறத்தாழ 10 செக்கன்களையே பதிகின்றது. ஒரு நாளிலோ அத்தகைய கூறுகள் 8,640 உள.

இதயத்தின் வலது மேலறையிலுள்ள சிறு கணு ஒன்றிலிருந்து, ஓய்ந்திருக்கும் வளர்ந்தோர்க்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரையான மின்தூண்டல்கள் பிறக்கின்றன. அவை தசையிற் பரவவே மேலறைகளும் பின்னர்க் கீழறைகளும் சுருங்குகின்றன. அம்மின்னோட்டத்தின் சாயல் உடலின் தோலிலும் தோன்றும். ஆயினும் அதன் அளவு ஒரு மில்லிவோல்ற்று வரையிலேயே நிற்கும். மணிக்கட்டில் விரல் வைத்து அன்னநடை, ஆமைநடை, தவளைநடை என நாடியை வகுத்துணர்ந்த நம் பரிகாரியார்கள் துடிப்பின் போக்கைக் கூர்ந்து நோக்கியவர்களே. எனினும் விரல் எடுத்த கணத்தில் அவ்வறிவுக்கு எழுத்துச் சான்று இல்லாதொழிந்தது.

அச்சான்றைத் திருத்தமாகப் பெற வழிகண்டவர் ஒல்லாந்து நாட்டு இலெய்டன் நகர அறிஞர் ஐந்தோவன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அமைத்த இழைக் கல்வனோமானி ஏறத்தாழ 270 கிலோகிராம் நிறையுடையது. அதனை இயக்க ஐவர் வேண்டும். நோயாளி தம் கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ச் சாடிகளில் வைத்து அசையாதிருத்தல் வேண்டும். நோயாளியைக் கருவியிடம் கொணர்தல் அரிதாகவே, ஒன்றரைக் கிலோமீற்றர் தொலைவிலுள்ள வைத்தியசாலையிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே துடிப்பை வருவித்தும் அவர் பதிந்தார். 1924 இல் நோபெல் பரிசு அவரைச் சேர்ந்தது.

இனிக் கருவி நோயாளியோடு நடத்தல் வேண்டும். இதனை முயன்றவர் அமெரிக்க நாட்டின் மொன்றானா மாநிலத்து நோமன் ஹோல்ற்றர். வைத்தியராகப் பயின்றவரல்லர் அவர். பௌதிகமும் இரசாயனமும் கற்றவர். 1940களின் இறுதியில் அவர் முதுகிற் சுமந்த வானொலிக் கருவி 38 கிலோகிராம் வரை நிறையுடையது. நெல்மூடை சுமப்பவனின் இதயத்தைத்தான் அது காட்டியிருக்கும் என்று நகைப்பார் நகைக்கலாம்! திரான்சிற்றரும் காந்தநாடாவும் கைகொடுக்கவே சுமை சுருங்கியது. 1961 இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் அவர் தம் முறையை விளக்கினார். இன்றும் இப்பதிகருவி அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இக்காலத்துக் கருவி சட்டைப்பைக்குள் அடங்கும். மார்பில் ஒட்டிய சில மின்வாய்களினின்று அது ஒருநாள் முழுதும், ஏறக்குறைய ஓரிலட்சம் துடிப்புகளைப் பதியும். அவற்றுட் சில முந்திப் பிறந்த தனித்துடிப்புகளாயின், இதயம் நலமுடையோர்க்கு அவை பெரும்பாலும் தீங்கற்றன. அச்சம் நீங்குவதே பெரும் பயன். மேலறைகள் சுருங்காது நடுங்கிக்கொண்டிருக்கும் நிலை வெளிப்படின் செய்தி வேறு. அங்கே தேங்கும் குருதி கட்டியாகி மூளைக்குச் சென்று பாரிசவாதத்தை விளைவிக்கலாம். பதிவு கிடைத்தால், தகுந்தோர்க்குக் குருதி உறையாமைக்கான மருந்து கொடுத்து அதனைப் பெரிதும் தடுக்கலாம். வட்டையில் நிகழ்ந்த அக்கால்மணி நேரத்தைப் புறக்கணித்தல் ஆகாமைக்குக் காரணம் இதுவே.

கருவிக்கும் குறைகள் உள. வியர்வையால் மின்வாய் கழன்றாலும், வீச்சுவலை எறியும்போது தோள் அசைந்தாலும் கோடு குழம்பும்; பயிலாத கண் அதனை நோயென மயங்கும். நனையக்கூடாத கருவியை அணிந்து வாவியில் இறங்குதல் தகாது. திங்களுக்கு ஒருமுறை வரும் படபடப்பு அந்த ஒருநாளில் வாராமலும் போகலாம். அத்தகையோர்க்கே ஒன்று இரண்டு வாரம் ஒட்டியிருக்கும் பதிகருவிகளும், தோலின்கீழ்ப் பதித்து ஆண்டுக்கணக்கில் இயங்குவனவும் ஏற்பட்டன. கைக்கடிகாரங்கள் சிலவும் இன்று துடிப்பின் ஒழுங்கின்மையை அறிவிக்கின்றன. அவற்றின் அறிவிப்பை வைத்தியர் மின்வரைபு கண்டு உறுதிசெய்தல் வேண்டும்.

கருவியோடு ஒரு சிறு குறிப்பேடும் கொடுக்கப்படும். உண்டது, உறங்கியது, மண்வெட்டி பிடித்தது, நெஞ்சு படபடத்தது ஆகியவற்றை நேரத்தோடு அதில் எழுதுதல் வேண்டும். இரவு இரண்டு மணிக்கு மயக்கம் என்ற குறிப்பும் அதே மணிக்குரிய கோட்டின் தடுமாற்றமும் பொருந்துமிடத்தே நோய் பிடிபடும். படபடப்பு என எழுதிய வேளையிற் கோடு ஒழுங்காயிருப்பின் காரணத்தை வேறிடத்தில் தேடலாம். அந்நாளில் வீட்டில் ஓய்ந்து கிடத்தல் பதிவின் பயனைக் கெடுக்கும். வைத்தியர் தடுத்தாலன்றி, நனையாத வழக்கமான வேலைகளை விடாது செய்தலே முறை. எழுதவியலாதார்க்கு வீட்டுப் பிள்ளைகள் நேரத்தைக் குறித்துக் கொடுக்கலாம்; அழுத்தினால் அந்த வேளையைக் குறித்துக்கொள்ளும் பொத்தானும் பல கருவிகளில் உண்டு.